லீனாவுக்கு எந்தக் கையில தீக்காயம்

அக்கா, தப்பா நெனைக்காதீங்க, உங்க ஃபோனை எட்டிப் பாக்கணும்னு பாக்கல. பஸ்ல பக்கத்து சீட்டாச்சா, சத்தம் காதுல விழுந்துச்சு. இப்ப அந்த சீரியல்ல மாமியார் பால்ல எதையோ கலந்துட்டாங்க, இல்ல? மியூசிக்கை வெச்சே சொல்லிருவேன். ஒரே மூஞ்சியை மூணு தடவை காட்டி டொய்ங், டொய்ங், டொய்ங்.

இல்லக்கா, குறை சொல்லல. எங்கம்மாவும் இதைத்தான் பாக்கறாங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமா தூங்கி எந்திரிக்கறாங்களே, அதைப் பாத்து யாரும் 'இதெல்லாம் நம்பற மாதிரியா இருக்கு'ன்னு கேக்கறதில்ல. நான் பாக்கற சீரிஸ்ல ஒரு ஆடு கவுன்ட்டர்ல உக்காந்து டோக்கன் குடுத்தா மட்டும் எங்க வீட்ல என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க.

ஆமாங்க்கா, ஆடு. நெசமான ஆடு. 'நார்த் லாண்டரி'ன்னு ஒரு சீரிஸ். ஐரோப்பாவுல எங்கியோ, வருஷம் பூரா பனி கொட்டற ஊர். அங்க ஒரு லாண்டரிக் கடை. துணி போட்டா உங்க துணி திரும்பி வராது, வேற யாரோடதோ வரும். அதைப் போட்டுக்கிட்டா அவங்க ஞாபகமெல்லாம் உங்களுக்கு வந்துரும். போஸ்ட்மேன் ஒருத்தன் யாரோ ஒருத்தரோட ஸ்வெட்டரை மாட்டிட்டு, தனக்குப் பொறக்காத குழந்தை பேரைச் சொல்லி அழுவான். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆடு அடுத்த டோக்கனைக் கிழிக்கும். எபிசோட் முடிஞ்சுரும்.

புரியலங்கறீங்க. புரியாட்டி என்னக்கா? எங்க பெரியம்மா எப்ப வந்தாலும் எதுக்கு எங்க வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாத்துட்டு மூடறாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அதுக்காகப் பெரியம்மாவைப் பாதியில நிறுத்திட முடியுதா?

இன்னொரு சீரிஸ் இருக்கு. ஒரு ஆள் எபிசோடுக்கு எபிசோட் குள்ளமாயிட்டே போவான், வீட்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க, கடைசியில பொண்டாட்டி அவனை டிபன் பாக்ஸ்ல வெச்சு ஆபீசுக்கு அனுப்புவா. நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த டைரக்டர் அப்பப்ப 'பாத்தியா, நான் எப்படி யோசிச்சேன் பாத்தியா'ன்னு நம்மளைத் திரும்பிப் பாக்கற மாதிரியே இருக்கும். அப்படிப்பட்ட ஆளுங்க மேல எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம். நார்த் லாண்டரியில அதில்ல. அந்த ஆட்டுக்கு ஒரு குளோசப் கூட வெக்கல. அதான்க்கா நேர்மை.

அண்ணா, அந்தியூர் ஒண்ணு. சில்லறை இருக்குங்கண்ணா.

நீங்க மேட்டூர் வரைக்குமா? அந்தியூர்ல யாராச்சும் சொந்தம் இருக்குதுங்களா உங்களுக்கு? இல்லியே? நெசமா இல்லியே? சும்மாதான் கேட்டேன். இப்பெல்லாம் யார்கிட்டப் பேசினாலும் முதல்ல இதைக் கேட்டுக்கறது. நான் போறது என்னைக் கட்டிக்கறதா இருந்தவர் வீட்டுக்கு. இருந்தவரா, இருக்கறவரான்னு போனாத்தான் தெரியும். பொண்ணு தனியா மாப்பிள்ளை வீட்டுக்குப் போற வழக்கம் எங்க பக்கம் இல்லவே இல்ல. வீட்ல கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். அவங்கம்மாகிட்ட போய் லீனா யாருன்னு நான் சொல்லணும். சொல்லாட்டி அந்த மனுசன் தலை நிமிந்து நடக்க முடியாதாம்.

லீனா அந்த லாண்டரி ஓனர்க்கா. சீரிஸ்ல வர்றவதான். வயசானவ. புருஷன் ஒரு காலையில பனிக்குள்ள நடந்து போனவன், திரும்பவே இல்ல. அவ கையில ஒரு தீக்காயம் இருக்கும், இஸ்திரிப் பெட்டி பட்டது. வலது கையில.

இப்ப என் தியரியைச் சொல்றேன், கேளுங்க. அந்த ஊர்ல கடிகாரமெல்லாம் பின்னாடி ஓடும். கடை போர்டுல எழுத்தெல்லாம் பின்னாடி இருந்து முன்னாடி எழுதியிருக்கும். ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்தா எடது கையிலதான் குடுப்பாங்க. 'என் மனசு'ன்னு நெஞ்சுல கை வெச்சா வலது பக்கம் வெப்பாங்க. எவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்கான் பாருங்க அந்த டைரக்டர்! இதையெல்லாம் வெச்சு நான் கண்டுபுடிச்சேன், அங்க காலம் பின்னாடி போயிட்டிருக்கு. அந்தக் கடையில தோய்க்கறப்பத் துணியில இருந்து போறது அழுக்கில்ல, நாள். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு நாள் கழண்டு போவுது. அப்படின்னா லீனா கெழவியாகல, கொஞ்சம் கொஞ்சமா குமரியாயிட்டு வர்றா. கடைசியில புருஷன் கிளம்பிப் போன அந்தக் காலைக்கே போய்ச் சேந்து, வாசல்லயே அவனை நிறுத்திருவா.

எனக்கு இதை நெனச்சாலே இப்பவும் கையில முடி நட்டுக்குது, பாருங்க.

இதுக்குன்னு இன்ஸ்டாவுல 'லாண்டரி டோக்கன்'னு ஒரு பேஜே வெச்சிருக்கேன். நானூறு பேர் கிட்ட இருக்காங்க. 'லீனாவுக்கு நரை கூடிட்டேதானே போகுது'ன்னு ஒரு பொண்ணு கேட்டா. 'அது நரையில்ல, பனி'ன்னு பதில் போட்டேன். ஒருத்தன் வந்து 'கடிகாரம் நேராத்தானே ஓடுது'ன்னு போட்டான். பிளாக். வேணும்னே வம்புக்கு வர்றவங்களை நான் வெச்சுக்கறதில்ல.

அப்பத்தான் இந்த வரன் வந்துச்சு. பேரு நவநீதன். அந்தியூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. பாரியூர் கோயில்ல வெச்சுப் பாத்துக்கிட்டோம். ரெண்டு பேரும் பேசட்டும்னு தள்ளி விட்டாங்க. எங்கம்மா தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு எங்களைப் பாக்காத மாதிரி பாத்துட்டிருந்தாங்க. நான் கேட்டேன், "டிவியில என்னங்க பாப்பீங்க?" கிரிக்கெட்டும்பார்னு நெனச்சேன். அவர் சொல்றார், "நார்த் லாண்டரி பாத்துட்டிருக்கேங்க."

எனக்குத் தலை மேல பனி கொட்டின மாதிரி ஆயிருச்சு. அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்துருச்சு. எங்க ஊர் கோபியிலயே நான் ஒருத்திதான் அதைப் பாக்கறேன், அந்தியூர்ல எப்படி இன்னொருத்தர்? நேராவே கேட்டேன், "என் பேஜைப் பாத்தீங்களா?"

"ஆமாங்க. ஃபோட்டோ வந்த அன்னிக்கே பாத்தேன். அதுக்கப்புறம்தாங்க சீரிஸையே ஆரம்பிச்சேன்."

உடனே ஒத்துக்கிட்டார்க்கா. ஒரு செகண்ட் கூட யோசிக்கல. இப்படி உடனே ஒத்துக்கறவங்க மேலதான் ரொம்ப சந்தேகப்படணும். ஆனாலும் ஆள் பாக்க நல்லா இருந்தார். என் தியரியைச் சொன்னேன், கடிகாரத்துல இருந்து எல்லாத்தையும். கேட்டுட்டே இருந்தார், நடுவுல பேசவே இல்ல. ஒரு இடத்துல மட்டும் என்னமோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் "சொல்லுங்க, சொல்லுங்க"ன்னுட்டார். வீட்ல அம்மனுக்குப் பூ வெச்சுக் கேட்டாங்க. வெள்ளைப்பூ வந்துச்சு, சரின்னு அர்த்தம். நிச்சயத்துக்கு நாள் பாத்தாச்சு.

இருங்கக்கா, ஒரு மெசேஜ். நான் வேலை பாக்கற கடைக்கார அண்ணன். காதுகுத்து ஃப்ளெக்ஸ் ஃபைலைக் காணோமாம். 'ஃபைனல்'ல பாருங்கண்ணா… அதில்ல, 'ஃபைனல் புதுசு'… அதுவும் இல்ல, 'ஃபைனல் கடைசி ரெண்டு'. ம். அனுப்பிட்டேன். எங்க விட்டேன்?

ஆங், நாள் பாத்தாச்சு. அப்புறம்தான் அவருக்கு ஒரு டெஸ்ட் வெச்சேன். அவர் டீ குடிக்கற நேரத்துல தினம் கூப்பிடுவார். ஒரு நாள் சாதாரணமாக் கேக்கற மாதிரி கேட்டேன். "லீனாவுக்கு எந்தக் கையிலங்க தீக்காயம்?"

"எடது கையிலங்க."

எடது கையாம்! சரி, இன்னும் ஒரு வாய்ப்புக் குடுப்போம்னு, "கடிகாரத்தைப் பாத்தீங்கல்ல?"ன்னேன்.

டீ கிளாஸைக் கீழ வெக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "பாத்தேங்க. கடிகாரம் நல்லாருக்குதுங்க."

"நல்லாருக்குதுன்னா? எப்படி ஓடுது?"

"நீங்க எப்படிச் சொன்னாலும் சரிங்க."

பாத்தீங்களா? பாத்தீங்களா? சீரிஸைப் பாத்தவன் பேசற பேச்சா இது? எனக்கு அந்த நிமிஷமே விளங்கிருச்சு. இவர் சீரிஸைப் பாக்கவே இல்ல. யூடியூப்ல கதை சொல்ற வீடியோவைப் பாத்திருக்கார். உங்களுக்குத் தெரியும்ல, 'நம்ம ஹீரோ இப்ப காட்டுக்குள்ள போறாருங்க'ன்னு ஒருத்தர் மூச்சு விடாமப் பேசுவாரே, அது. பத்து மணி நேரக் கதையைப் பல்லு விளக்கி முடிக்கறதுக்குள்ள சொல்லிருவாங்க. அவங்க ஒரு தந்திரம் பண்ணுவாங்க. படக் கம்பெனிக்காரன் புடிச்சு வீடியோவைத் தூக்கிரக் கூடாதுன்னு, படத்தை எடம் வலமாத் திருப்பிப் போட்ருவாங்க, கண்ணாடியில தெரியற மாதிரி. வலது கை எடது கையாயிரும். அதான் இவர் எடதுங்கறார்!

இதை என்கிட்டயா? நான் ஃப்ளெக்ஸ் கடையில டிசைனர்க்கா. எனக்கு வேலையே படத்தைத் திருப்பறதுதான். மாப்பிள்ளை பொண்ணைப் பாக்காம வெளிய பாத்துட்டிருந்தா, புடிச்சுத் திருப்பி விட்ருவேன். ஒரு தடவை சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போயிருச்சுன்னு மாப்பிள்ளையோட மாமன் ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தூக்கிட்டுச் சண்டைக்கே வந்துட்டார். அதுல இருந்து திருப்பின படம்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னே கண்டுபுடிச்சுருவேன். என் கண்ணை யாரும் ஏமாத்த முடியாது.

சொல்லுங்க, பொய் சொல்றவர் கூட எப்படிக் குடும்பம் நடத்தறது? இன்னிக்குச் சீரிஸ், நாளைக்கு?

அம்மா தேங்காய் துருவிட்டிருந்தாங்க. போய்ச் சொன்னேன். "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்மா. லீனா விசயத்துல பொய் சொல்றார்."

அம்மா கை அப்படியே நின்னுருச்சு. "யாருடி லீனா?"

"லாண்டரி வெச்சிருக்கறவ."

"அவளுக்கும் இவனுக்கும் என்ன?"

"அவ கையில ஒரு காயம் இருக்கு. எந்தக் கையின்னு கேட்டா ஒளறறார். உனக்குச் சொன்னாப் புரியாது, விடும்மா." கடைக்கு நேரமாயிருச்சு, ஓடிட்டேன். இவ்வளவுதான்க்கா நான் பேசினது. இதுல ஒரு வார்த்தை பொய்யிருக்கா, சொல்லுங்க?

அம்மா பெரியம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க. பெரியம்மா தரகர்கிட்ட. சாயங்காலம் நான் வீட்டுக்கு வர்றப்பப் பெரியம்மா ஃப்ரிட்ஜைக் கூடத் திறக்காம உக்காந்திருக்காங்க. "லாண்டரிக்காரியாம்ல? வயசுல மூத்தவளாம்ல? புருஷன் வேற விட்டுட்டுப் போயிட்டானாம்ல?" நான் எப்பவோ அம்மாகிட்டச் சொன்ன கதையெல்லாம் அங்கங்க ஒட்டி வந்திருக்கு. அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டார். "அம்மணி, அந்தப் பையனுக்கு நெசமாவே அப்படி ஒரு தொடர்பு இருக்குதா?"

நான் சொன்னேன், "பொய் சொல்றார்ப்பா. அது மட்டும் உறுதி."

லீனா சீரிஸ்ல வர்றவன்னு ஏன் சொல்லலங்கறீங்களா? எப்படிக்கா சொல்றது? சீரிஸுக்காகவாடி கல்யாணத்தை நிறுத்தறேன்னு துருவின தேங்காயோட அடிக்க வருவாங்க. அதுவுமில்லாம அவர் பொய் சொன்னது பொய்தானே? எந்த லீனாவா இருந்தா என்ன? அப்பா அன்னிக்கே ஃபோன் பண்ணி வேண்டாம்னுட்டார். அம்மன் வெள்ளைப்பூ குடுத்தும் இப்படி ஆயிருச்சேன்னு அம்மாதான் பொலம்பிட்டே இருந்தாங்க.

அந்தியூர்ல விசயம் பரவியிருச்சு. அவரோட சித்தப்பா, ஊர்ல இருக்கற லாண்டரிக் கடை ஒண்ணு விடாமப் போய் எட்டிப் பாத்துட்டு வந்தாராம். அவர் ஆபீஸ்ல ஒருத்தன் "என்ன நவநீதா, சட்டை ரொம்ப வெள்ளையா இருக்கு?"ன்னு கேட்டானாம். அவங்கம்மா அவர்கிட்டப் பேசறதையே நிறுத்திட்டாங்களாம்.

இதெல்லாம் எனக்கு நேத்துத்தான் தெரியும். நேத்து அவரே கடைக்கு வந்துட்டார். வரி கட்டாத ஆளைப் பாக்க வந்த மாதிரி பொறுமையா வந்து ஸ்டூல்ல உக்காந்தார். கத்தப் போறார்னு நெனச்சு நான் கத்திரிக்கோலை எல்லாம் ஓரமா நகத்தி வெச்சேன். அவர் ஃபோனை எடுத்து என் முன்னாடி வெச்சார். "காசு கட்டிப் பாக்கறதுங்க இது. கம்பெனிக்காரங்க போட்ட ஒரிஜினல். முதல் எபிசோட். நீங்களே பாருங்க."

பாத்தேன். லீனா வர்றா. தீக்காயம் எடது கையில.

"திருப்பியிருக்காங்க"ன்னேன்.

"போர்டைப் பாருங்க."

கடை போர்டு வந்துச்சுக்கா. எழுத்து நேரா இருந்துச்சு. இங்கிலீஷ் எழுத்துத்தான், வாசிக்க முடிஞ்சுது. கடிகாரம் நம்ம வீட்டுக் கடிகாரம் மாதிரியே ஓடுச்சு. எல்லாரும் வலது கையில கை குடுத்துக்கிட்டாங்க. நான் பாத்தது ஒரு குரூப்ல ஓசியில வந்த ஃபைலு. அதைப் போட்டவன் மாட்டிக்கக் கூடாதுன்னு மொத்தப் படத்தையும் திருப்பிப் போட்டிருக்கான், சப்டைட்டிலை மட்டும் அப்புறமா நேரா ஒட்டியிருக்கான். ரெண்டு சீசன்க்கா. ரெண்டு சீசனும் நான் கண்ணாடியில பாத்திருக்கேன். நானூறு பேருக்கும் நான்தான் அந்த ஃபைலை அனுப்பினேன்.

நான் அவரைக் கேட்டேன், "உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"கோயில்லயே தெரியுங்க. நீங்க கடிகாரம் பின்னாடி ஓடுதுன்னு சொன்னப்பவே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஃபோனை எடுத்துப் பாக்கெட்ல வெச்சார். "நேராப் பாத்தா, அந்தம்மா காத்துக் காத்துக் கெழவியாயிட்டே போறாங்க. புருஷன் வரவே இல்லைங்க. அவ்வளவுதான் கதை. நீங்க சொன்னதுல அவங்க ரெண்டு பேரும் சேந்தர்றாங்க. நீங்க கையெல்லாம் ஆட்டிச் சொல்லிட்டிருந்தீங்க. அதைப் போய் நான் எதுக்குங்க கெடுக்கறது?"

இதுக்கு என்னக்கா அர்த்தம்? நேத்துல இருந்து யோசிக்கறேன். முட்டாள் ஒருத்தி கெடைச்சான்னு உள்ளுக்குள்ள சிரிச்சுட்டே இருந்திருக்கார்னுதானே? பின்ன, தெரிஞ்சும் ஒரு மனுசன் எதுக்குப் பேசாம இருக்கணும்? தினம் ஃபோன் பண்ணி, தினம் அந்தத் தப்புத் தியரியைக் கேட்டுட்டு, "அப்புறங்க?"ன்னு வேற கேப்பார். ஏதோ ஒரு உள்நோக்கம் இல்லாம யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா? ஏன்க்கா என்னை அப்படிப் பாக்கறீங்க? எங்க கடைக்கார அண்ணனும் நேத்து இப்படித்தான் பாத்தார்.

கிளம்பறப்பத்தான் அவங்கம்மா பேச்சை எடுத்தார். "நான் சொன்னா அம்மா நம்ப மாட்டேங்கறாங்க. சீரியல்ல வர்ற பொம்பளைன்னு சொன்னேன். 'சீரியல்காரி கூடவாடா?'ன்னு இன்னும் அழறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க. என்னைக் கட்டிக்கச் சொல்லிக் கேக்கல. அது உங்க இஷ்டம். எங்கம்மா சாப்பிடணும்."

சரின்னுட்டேன். எப்படி இல்லங்கறது? ஆனா அதுலயும் எனக்கு ஒரு சந்தேகம். வீட்டுக்கு வரவெச்சு, அத்தனை பேரையும் உக்கார வெச்சு, இந்தப் பொண்ணைப் பாருங்கன்னு அசிங்கப்படுத்திட்டா? நானா இருந்தா அப்படித்தான் பண்ணுவேன். மன்னிப்புக் கேக்கப் போறேனா, சண்டை போடப் போறேனான்னு கேக்கறீங்க. அதான்க்கா, கோபியில பஸ் ஏறினதுல இருந்து ரெண்டையும் மனசுக்குள்ள பேசிப் பேசிப் பாத்துட்டு வர்றேன். சண்டைதான் நல்லா வருது. மன்னிப்பு வாயில வரமாட்டேங்குது. 'அத்தை, தப்பு என் ஃபைல் மேல'ன்னு ஆரம்பிச்சா, அடுத்த வார்த்தைக்கு அழுகை முட்டிக்குது. எதுக்கு அழுகை வருதுன்னும் தெரியல. பொய் சொன்னது அவர்தானே? இல்ல, அவர் சொல்லல. சொல்லாம இருந்தார். ரெண்டும் ஒண்ணா?

ஒண்ணில்லங்கறீங்க.

அவர் அன்னிக்கு எடது கையின்னு நெசத்தைத்தான்க்கா சொன்னார். ஃபோன்ல கேட்டதுக்கு ஒரே ஒரு தடவை நெசத்தைச் சொன்னார், அதுக்குத்தான் நான் நிறுத்தினேன்.

ஐயோ, அந்தியூர் வந்துருச்சா? இவ்வளவு சீக்கிரமாவா? இருங்க, துப்பட்டா உங்க பைக்கு அடியில மாட்டிருச்சு. அதோ பாருங்க, பேக்கரிக்குப் பக்கத்துல, நீலச் சட்டை. அவர்தான். வண்டியில வந்திருக்கார். பக்கத்துல நிக்கறது யாரு? அக்கா, அது அவங்கம்மா. வீட்லதான் இருப்பாங்கன்னு சொன்னாரே! பஸ் ஸ்டாண்டுக்கே கூட்டிட்டு வந்துட்டாரே! நான் சொன்னேன்ல, ஏதோ உள்நோக்கம் இருக்குன்னு! இடுப்புல கை வெச்சுட்டு நிக்கறாங்க. முறைக்கறாங்க. இல்ல, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கறாங்களா? உதடு என்னமோ பண்ணுது.

அண்ணா, ஒரு நிமிஷம், இறங்கணும், விசில் அடிச்சுராதீங்க.

அக்கா, நீங்கதானே சன்னல் பக்கம் இருக்கீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் பாத்தா சரியா வராது. பாத்து மெதுவாச் சொல்லுங்கக்கா, சிரிக்கறாங்களா?